ஒரு வாக்கில் தோற்ற நாள்: பேட்சி மிங்க்குக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பேட்சி மிங்க் அம்மா,

அமெரிக்க காங்கிரசில் ஹவாயின் உறுப்பினராக இருந்த உங்கள் பேரை எடுத்தாலே எல்லோரும் 1972-க்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்க அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம். அதில் காங்கிரஸ் உறுப்பினர் எடித் கிரீன், செனட்டர் பெர்ச் பே இருவரின் உழைப்பும் கணிசமானது. எனக்கென்னவோ, சட்டம் வந்ததை விட அது தப்பிப் பிழைத்ததுதான் பெரிய கதையாகத் தெரிகிறது.

1975 ஜூலை. உடற்கல்வி விஷயத்தில் அந்தச் சட்டத்தின் பிடியைத் தளர்த்தும் திருத்தத்தின் மேல் வாக்கெடுப்பு. எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றது நீங்கள். அந்த நேரம் பார்த்து, நியூயார்க் மாநிலத்தில் மகள் கார் விபத்தில் சிக்கிவிட்டாள் என்று தகவல். கிளம்பிவிட்டீர்கள். 211-க்கு 212, ஒரே ஒரு வாக்கில் உங்கள் தரப்பு தோற்றது. நீங்கள் ஏன் அங்கே இல்லை என்பதைச் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் எடுத்துச் சொல்ல, மறுநாள் மறுபடி வாக்கெடுப்பு. 215-178. சட்டம் பிழைத்தது, மகளும் பிழைத்தாள்.

மருத்துவம் படிக்க நீங்கள் மனுப் போட்ட கல்லூரிகள் அத்தனையும் கையை விரித்தன. சரி என்று சிகாகோவில் சட்டம் படித்துவிட்டு ஹவாய் திரும்பினால், கல்யாணமாகிக் குழந்தையும் உள்ள பெண்ணுக்கு வக்கீல் அலுவலகங்களில் வேலை இல்லை. சொந்தமாக அலுவலகம் போட்டீர்கள். ஹவாய் மாநிலமாக ஆகும் முன்பே, 1956-இல், அதன் கீழவைக்குப் போனீர்கள், அப்புறம் மேலவை. பசிபிக்கில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனையைக் கண்டித்து அங்கே தீர்மானம் கொண்டுவந்தீர்கள். 1964 தேர்தலில் ஜெயித்து, வெள்ளையரல்லாத முதல் பெண்ணாக அமெரிக்க காங்கிரசில் நுழைந்தீர்கள்.

அணுகுண்டு உங்களை அங்கேயும் விடவில்லை. 1971-இல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நிலத்தடிச் சோதனை. அதைப் பற்றிய ஆவணங்களைக் காட்டு என்று நிக்சன் அரசின் மேல் வழக்குப் போட்டு, 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றீர்கள். ஆனால் மறு வருஷமே காங்கிரஸ் தகவல் சுதந்திரச் சட்டத்தைத் திருத்தியது. ரகசியம் என்று முத்திரை குத்திய காகிதத்தையும் நீதிபதி வாங்கிப் பார்க்கலாம் என்றானது. அதிபர் ஃபோர்டு வீட்டோ போட்டுத் தடுத்தார். அதையும் தாண்டித்தான் நிறைவேறியது. தோற்ற வழக்குக்கு இது மோசமான பலன் இல்லை.

1976-இல் செனட்டுக்கு ஆசைப்பட்டு, கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஹொனலுலு நகர சபைக்குப் போட்டியிட்டது. பன்னிரண்டு வருஷம் வாஷிங்டனில் இருந்தவருக்கு நகர சபை வேலையா என்று கூச்சப்படவில்லை. கவர்னர் போட்டியிலும் மேயர் போட்டியிலும் தோல்வி. 1990-இல் மறுபடி காங்கிரஸ்.

2002 செப்டம்பர் 28 அன்று நீங்கள் காலமானபோது வாக்குச் சீட்டிலிருந்து பேரை எடுக்கும் கெடு முடிந்திருந்தது. நவம்பரில் ஹவாய் மக்கள் உங்களையே ஜெயிக்க வைத்தார்கள். அந்த இடத்துக்கு ஜனவரியில் இடைத்தேர்தல் வைக்க வேண்டியதாயிற்று.

அன்புடன்,
உங்கள் வாசகன்