மேனிஃபெஸ்டில் விடுபட்ட வரி: மூடிய புகாரை மீண்டும் திறக்கக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வங்கிக்கு அனுப்பும் சம்பளக் கோப்பை உருவாக்க உங்கள் லைப்ரரியை நான்கு ஆண்டுகளாகப் பணம் கட்டிப் பயன்படுத்துகிறோம். எங்கள் செயலி ஓஎஸ்ஜிஐ முறையில், அதாவது பண்டில் எனும் தனித்தனி ஜாவா தொகுதிகளாக, ஈக்வினாக்ஸ் என்ற தளத்தில் ஓடுகிறது. போன மாதம் ஜாவா 8-இலிருந்து 11-க்கு மாறினோம். ஜாவாவின் தொகுப்பான ஜேடிகே 11-இல், ஜாவா தரவை எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றும் ஜாக்ஸ்பி கிடையாது என்பதால் அதைத் தனி பண்டிலாகவும் போட்டோம். அப்புறமும் கோப்பு வரவில்லை. எக்ஸ்எம்எல்ரூட்எலிமென்ட் என்ற அனோட்டேஷன் (நிரலில் ஜாக்ஸ்பிக்காக எழுதும் குறிப்பு) இல்லை என்று பிழை வந்தது.

உங்கள் உதவிக் குழுவோ, கிளாஸில் (நிரலின் ஓர் அலகில்) அந்த அனோட்டேஷனைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் புகாரை மூடிவிட்டது. அந்த கிளாஸ் உங்கள் லைப்ரரியின் தொகுத்த கோப்பான ஜாரில் இருக்கிறது. அதில் நாங்கள் எப்படிச் சேர்ப்பது?

மூன்று நாள் நாங்களே தேடினோம். கிளாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் ஜாவாபி கருவியைப் போட்டுப் பார்த்தால் அதில் அனோட்டேஷன் பத்திரமாக இருக்கிறது. ஓடும்போது அனோட்டேஷன்களைக் கேட்கும் கெட்அனோட்டேஷன்ஸ் வெறும் அரேயை (காலிப் பட்டியலை) தருகிறது. கடைசியில் கிளாஸ்களைத் தேடி ஏற்றும் உங்கள் பண்டிலின் கிளாஸ்லோடரிடமே அந்த அனோட்டேஷனின் கிளாஸைக் கேட்டோம். கிளாஸ்நாட்ஃபவுண்ட், அதாவது அந்த கிளாஸ் கிடைக்கவில்லை, என்றது. பண்டிலின் விவரக் கோப்பான உங்கள் மேனிஃபெஸ்டில், வெளியிலிருந்து தேவைப்படுபவற்றைப் பட்டியலிடும் இம்போர்ட்-பேக்கேஜ் வரியில் அந்த அனோட்டேஷன் இருக்கும் ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்.அனோட்டேஷன் இல்லவே இல்லை. ஜாவா 8-இல் அது ஜேடிகே-யோடு வந்ததால் ஈக்வினாக்ஸ் அங்கிருந்து எடுத்துக்கொண்டது, குறை வெளியே தெரியவில்லை. அனோட்டேஷனின் கிளாஸ் கிடைக்காவிட்டால் ஜாவா பிழை எதுவும் சொல்லாமல் அதை விட்டுவிடும். எங்களுக்கு அவ்வளவு நாள் பிடித்தது அதனால்தான்.

உரிம ஒப்பந்தப்படி உங்கள் ஜாரை நாங்கள் திருத்தக் கூடாது. அதனால் ஒரு கிளாஸ்கூட இல்லாத ஃபிராக்மென்ட் பண்டில் (வேறொரு பண்டிலோடு ஒட்டிக்கொள்ளும் துணைப் பண்டில்) ஒன்றைச் செய்து, உங்கள் பண்டிலை அது ஒட்ட வேண்டிய ஹோஸ்டாகக் காட்டி, அந்த ஒரு இம்போர்ட்டை மட்டும் எழுதினோம். உடனே கோப்பு வந்தது. ஆனால் அதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது. எங்கள் கணக்குப் பிரிவினர் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து 140 பேரின் சம்பளத்தை வங்கித் தளத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புகாரை மீண்டும் திறந்து, இம்போர்ட் சேர்த்த ஜாரை இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். வெளியீட்டுக் குறிப்பிலும் இதை எழுதுங்கள், ஜாவா 11-க்கு மாறும் அடுத்த வாடிக்கையாளருக்காவது உதவும். ஜாவா 11-ஐ ஆதரிப்பதாக விற்கும் நீங்கள் இனி ஓஎஸ்ஜிஐ-யில் ஓட்டிப் பார்த்தபின் வெளியிடுங்கள். எங்கள் ஃபிராக்மென்ட்டையும் லாகையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பிரிவுப் பொறுப்பாளர்