கடைசி முப்பது வினாடிகள்

அன்புள்ள மகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நாங்களும் நலம். காரில் சாலையைப் பதிவு செய்யும் கேமராவான டேஷ்கேம் ஒன்றை நீயே செய்து பொருத்தப் போவதாக எழுதியிருந்ததைப் படித்தேன். கடையில் கிடைப்பதை வாங்கி ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதானே என்றார் அப்பா. அவர் சொல்வது தவறில்லை. ஆனால் எந்தக் காட்சி எங்கே எழுதப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது, யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் உன் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது; நானும் அதற்காகத்தான் செய்தேன். வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. நான் ஓரிடத்தில் தவறினேன். அதே இடத்தில் நீயும் தவறக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் காரில் நான் முதலில் வைத்த கேமரா எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் ஏற்றமான சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது, முன்னால் நின்ற வண்டி பின்னோக்கி உருண்டு வந்து நம் கார் மீது மோதியது. யாருக்கும் அடியில்லை. நாங்கள்தான் பின்னாலிருந்து இடித்தோம் என்று அதன் ஓட்டுநர் சாதித்தார். அப்பா பதறவில்லை, கேமரா இருக்கிறதே என்பதுபோல என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மெமரி கார்டைக் கணினியில் போட்டேன். காலையில் கிளம்பியதிலிருந்து எல்லா நிமிடங்களும் இருந்தன, மோதிய நிமிடம் மட்டும் இல்லை. அதற்கான கோப்பு பெயரோடும் அளவோடும் இருந்தது. ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. மோதிய அதிர்ச்சியில் சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த பிளக் கழன்று மின்சாரம் நின்றிருக்கிறது. நான் காட்சிகளை எம்பி4 கோப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். எந்தப் படச்சட்டம் (ஃபிரேம்) கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை, வழக்கமான எம்பி4 கோப்பில், பதிவு முடிந்து கோப்பை மூடும்போதுதான் எழுதப்படுகிறது. மூடுவதற்கு முன்பே மின்சாரம் போனால் காட்சி கார்டில் கிடந்தாலும் அதைப் படிக்க வழி தெரியாமல் பிளேயர் திகைக்கிறது. எது நடக்கும்போது சாட்சி வேண்டுமோ, அதே நிகழ்வுதான் மின்சாரத்தையும் பறிக்கிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே, கண்ணே, இந்தக் கருவியை மின்சாரம் போகும் நொடியிலிருந்து தொடங்கி வடிவமைத்துக்கொள்; மற்றவை அதற்குப் பின்னால் வரட்டும்.

முதலில் கோப்பு வடிவத்தை மாற்று. எம்பி4க்குப் பதிலாக டிஎஸ் என்னும் வடிவத்தில் எழுது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் பாதி வழியில் இணைகிறவருக்கும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக உருவான வடிவம் அது. 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகக் காட்சி போகும், இறுதியில் அட்டவணை எதுவும் தேவைப்படாது. எங்கே அறுந்தாலும் அறுந்த இடம் வரை ஓடும். அதோடு ஒவ்வொரு நிமிடமும் ஒரு புதிய கோப்பு தொடங்கும்படி அமைத்துவிடு.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் எண்ணினேன். சோதித்துப் பார்த்தபோது கோப்பு திறந்தது. ஆனால் இறுதி அரை நிமிடம் அப்போதும் கிடைக்கவில்லை. லினக்ஸ் இயங்குதளம், எழுதச் சொன்னதை உடனே கார்டில் எழுதுவதில்லை. தற்காலிக நினைவகத்தில் சேர்த்து வைத்து, வழக்கமான அமைப்பில் 30 வினாடி பழையதான பிறகுதான் கட்டாயமாகக் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு தேயாமல் இருக்கவும் வேகம் குறையாமல் இருக்கவும் அது நல்ல ஏற்பாடு. நமக்கோ அந்த 30 வினாடிதான் முழுப் பொருளும். அந்தக் காலவரம்பைக் குறைத்துவிடு, அல்லது உன் நிரலே ஒவ்வொரு வினாடியும் கோப்பைக் கார்டுக்குத் தள்ளும்படி எழுது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

அடுத்தது, மின்சாரம் போன பிறகும் கருவி சில வினாடி உயிரோடிருக்க வேண்டும். இதற்கு லித்தியம் பேட்டரியைத் தயவுசெய்து வைக்காதே. வெயிலில் பூட்டி நிற்கும் காரில் டேஷ்போர்டு 70 டிகிரியையும் தாண்டும். பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது. மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைக்கும் சூப்பர் கபாசிட்டர் போதும். 2.7 வோல்ட், 25 ஃபாரட் கொண்ட இரண்டைத் தொடராக இணைத்தால் 5.4 வோல்ட் தாங்கும் 12.5 ஃபாரட் கிடைக்கும். இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரே மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரைப் போடு. 4.7 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது ஏறத்தாழ 100 ஜூல் தரும். பதிவை நடத்தும் சிறு கணினிப் பலகையும் கேமராவும் சேர்ந்து 3 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டு, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கணக்கிட்டாலும் 25 வினாடி நிற்கும். ஒழுங்காகக் கோப்பை மூடி அணைந்துகொள்ள அது தாராளம். பெரியதாக வைத்தால் இன்னும் நல்லதே என்று தோன்றும், அப்படியில்லை. காலியான கபாசிட்டர், சாவி போட்டவுடன் ஷார்ட் சர்க்யூட் போலவே மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் 2 ஆம்பியருக்கு மேல் விடாத, மின்னோட்ட வரம்புள்ள, காரின் 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டரையே வாங்க வேண்டும். அந்த வரம்பில் 12.5 ஃபாரட் நிறைய அரை நிமிடமாகும். அளவை நான்கு மடங்காக்கினால் சாவி போட்டு இரண்டு நிமிடம் கழித்துத்தான் நிறையும். அதுவரை கேமராவும் காத்திருக்கும். கபாசிட்டரிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் போகாமலிருக்க நடுவில் ஒரு ஷாட்கி டையோடையும் வைத்துவிடு.

மின்சாரம் போய்விட்டது என்று பலகைக்குத் தெரிய வேண்டுமே. 12 வோல்ட் வயரிலிருந்து 39 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஒரு கிளையை எடுத்துப் பலகையின் உள்ளீட்டு முனையில் சேர்த்தால், எஞ்சின் ஓடும்போது வரும் 14.4 வோல்ட் 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கி நிற்கும். அந்த முனை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால் அங்கே ஒரு ஜீனர் டையோடையும் காவலுக்கு வை. அந்த அழுத்தம் மறைந்தவுடன் பதிவை நிறுத்தி, அணைந்துகொள்ளும்படி நிரலை எழுது.

பலகைக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். புதியது என்பதற்காக ராஸ்பெர்ரி பை 5 வாங்க வேண்டாம், காட்சியை எச்.264 என்னும் வடிவில் சுருக்கும் தனி வன்பொருள் அதில் இல்லை, செயலியே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால் சூடும் மின்செலவும் கூடும். ஜீரோ பலகையில் கேமராவைச் செருகும் இடம் குறுகலானது; அதற்குரிய நாடா வயரைக் கேட்டு வாங்கு.

வயரிங் வேலையில் சிகரெட் லைட்டர் துளையை மறந்துவிடு. ஃபியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஓர் இடத்தை மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடித்து, அங்கிருந்து கிளை வயர் எடுக்க உதவும் ஃபியூஸ் டேப் ஒன்றைச் செருகி, 2 ஆம்பியர் ஃபியூஸோடு வயரை எடு. ஏர்பேக், பிரேக், எஞ்சின் கட்டுப்பாடு, எரிபொருள் பம்ப் ஆகியவற்றின் ஃபியூஸ்களை எக்காரணம் கொண்டும் தொடாதே. எர்த் வயரை, பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறங்கும் பாடி போல்ட் ஒன்றில் இறுக்கு. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 12 வோல்ட் வெகுவாகச் சரியும். ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரென்று உயர் அழுத்தமும் பாயலாம். அதனால் 8 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடு, அதன் வாயிலில் அப்படிப் பாயும் அழுத்தத்தை அடக்கும் ஒரு டிவிஎஸ் டையோடைச் சேர்.

கன்வெர்ட்டரையும் கபாசிட்டரையும் வெயில் படாமல் டேஷ்போர்டுக்கு அடியில் வை. சூப்பர் கபாசிட்டர்களில் பலவற்றுக்கு 65 டிகிரிதான் எல்லை. அங்கிருந்து முன்கண்ணாடிக்குப் போகும் 5 வோல்ட் வயரை மெல்லியதாகப் போட்டுவிடாதே. 3 மீட்டர் தூரம் போய்த் திரும்ப 6 மீட்டர், 0.2 சதுர மில்லிமீட்டர் வயரில் அரை ஓம் தடையாகும், 0.6 ஆம்பியரில் 0.3 வோல்ட் வழியிலேயே தொலையும். பெரும்பாலான ராஸ்பெர்ரி பை பலகைகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும், ஜீரோ வகையில் அந்த ஏற்பாடும் இல்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு ஏறத்தாழ 0.12 வோல்ட்டோடு நின்றுவிடும்.

அந்த வயர் மேலே ஏறும் வழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை மட்டும் இரண்டு முறை படி. முன்கண்ணாடியின் பக்கத் தூணுக்குள் பல கார்களில், பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக் மடிந்திருக்கிறது. அதன் முன்னால் வயர் குறுக்கிட்டால், விரியும்போது அது தடைப்படலாம், அல்லது வயரையும் தூண் மூடியையும் உன் முகத்தை நோக்கி வீசலாம். வயர் எப்போதும் ஏர்பேக்குக்குப் பின்னால், ஏற்கெனவே உள்ள வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மஞ்சள் நிற இணைப்புகள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. அவற்றில் கை வைக்காதே. தூணைத் திறந்து பார்த்தும் தெளிவில்லை என்றால் அந்த ஒரு பகுதியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. கேமரா பின்னாலேயே ஓடி, உனக்கு ஒரு கீறல் விழுந்தால் எனக்கு அந்தக் கேமராவே வேண்டாம்.

கேமராவை உள்கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், உன் பார்வையை மறைக்காத இடத்தில் ஒட்டு. அகலக் கோண லென்ஸ் வாங்கத் தோன்றும். ராஸ்பெர்ரி பைக்கான கேமரா மாட்யூல் 3 கிடைமட்டமாக 66 டிகிரி, 102 டிகிரி என்று இரண்டு வகையாக வருகிறது. அரை மீட்டர் நீளமுள்ள பதிவெண் பலகை 10 மீட்டர் தொலைவில் இருந்தால், 1080 தரத்தில், முதல் வகையில் ஏறத்தாழ 70 படப்புள்ளி அகலமாகவும் இரண்டாவதில் 40 புள்ளி அகலமாகவுமே விழும். எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்றால் 66 டிகிரியே மேல். தானியங்கிக் குவியத்தை அணைத்துத் தொலைவில் நிலைநிறுத்து. இல்லையென்றால் மழைநாளில் அது சாலையை விட்டுவிட்டுக் கண்ணாடித் துளிகளைத் தெளிவாகப் படமெடுக்கும். டேஷ்போர்டின் பிரதிபலிப்புக்குப் பளபளப்பில்லாத ஒரு கறுப்புத் துணி போதும். அதற்காகத் துருவமாக்கும் ஃபில்டர் (போலரைசர்) போட்டால், அது இரவில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும்.

வினாடிக்கு 10 மெகாபிட் என்ற அளவில் ஒரு மணி நேரக் காட்சி 4.5 ஜிகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் கார்டில் இயங்குதளத்துக்குப் போக 12 மணி நேரம் நிற்கும். இடம் நிறைந்ததும் பழையது தானாக அழியட்டும். தொடர் பதிவுக்கென்றே விற்கப்படும் கார்டை வாங்கி, இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்ற நிலையில் பூட்டிவிடு. ஒரு சிறு பொத்தானையும் வை. அழுத்தினால் அந்த நிமிடமும் முந்தைய இரண்டு நிமிடங்களும் அழியாமல் ஒதுங்க வேண்டும்.

இந்தப் பலகைக்குள் கடிகாரம் இல்லை. இணையம் இல்லாத காரில் அது கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். தவறான தேதியைக் காட்டும் சாட்சியை யாரும் எளிதில் சந்தேகிக்கலாம். டிஎஸ்3231 என்னும் கடிகாரச் சில்லைச் சேர்த்துவிடு. ஆண்டுக்கு ஒரு நிமிடம் போல மட்டுமே அது பிசகும்.

வண்டி நிற்கும்போது பதிவு செய்யும் ஏற்பாடு வேண்டாம் என்பது என் கருத்து. 12 வோல்ட்டில் கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுத்தாலும் ஒரு நாளில் 7 ஆம்பியர்-மணி போகும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். மைக்ரோஃபோனும் வைக்காதே, உன்னோடு பயணிப்பவர்கள் பேசுவது உன் கார்டில் சேர வேண்டியதில்லை. சாலையில் போகிறவர்களின் முகங்களுக்கும் அதே மரியாதை உண்டு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில், விபத்து வழக்கில் டேஷ்கேம் காட்சியைச் சாட்சியாக ஏற்கலாம் என்று சொன்னபோதே, காரணமின்றித் தொடர்ந்து பதிவு செய்வது தனியுரிமைச் சட்டத்துக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். நீ இருக்கும் இடத்தில் என்ன விதி என்று பார்த்துவிட்டுப் பொருத்து.

எல்லாம் முடிந்த பிறகு, வண்டியை நிறுத்தி வைத்து, வினாடி முள் உள்ள ஒரு கடிகாரத்தைக் கேமராவின் முன்னால் பிடித்துக்கொண்டு, பதிவு ஓடும்போதே ஃபியூஸைப் பிடுங்கு. பிறகு கபாசிட்டரையும் கழற்றிவிட்டு மறுபடி பிடுங்கு. ஒவ்வொரு வகையிலும் இருபது முறையாவது செய்து, கார்டில் பதிவான கடைசி வினாடியையும் பிடுங்கிய வினாடியையும் ஒரு தாளில் எழுதி வை. கபாசிட்டர் இல்லாதபோதும் இரண்டு வினாடிக்கு மேல் இழக்கக் கூடாது. என் கருவி இப்போது அந்த அளவில் நிற்கிறது. உன் தாளை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

கபாசிட்டர் இரண்டையும் கடிகாரச் சில்லையும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். கபாசிட்டர்களை நான் ஏற்கெனவே தொடராகச் சால்டர் செய்துவிட்டேன். கறுப்பு டேப் சுற்றிய கால்தான் நெகட்டிவ், மாற்றி இணைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா