இன்ஜினைப் பிரிக்காதே மாப்ளே

மாப்ளே சுடலை,

இங்கே எல்லாரும் சுகம். சாரல் ஆரம்பித்துவிட்டது, கூடவே அம்மாவுக்கு முட்டுவலியும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். மரியாதை இதோடு முடிந்தது, இனி திட்டு.

உன் 1613 லாரி மலை ஏறவில்லை, புனலூரில் ஒரு பட்டறையில் "ரீபோர் பண்ணணும், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும்", அதாவது சிலிண்டரையே கடைந்து பெரிசாக்கணும் என்று சொல்லிவிட்டார்கள், நீ தங்கச்சி வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாய். இதெல்லாம் பாவூர்சத்திரம் சந்தையில் குட்டியப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. போன் எதற்கடா வைத்திருக்கிறாய்? ரீல்ஸ் பார்க்கவா?

குட்டியப்பன் உளறுவான், ஆனால் வண்டி விஷயத்தில் அவன் கண் கண்தான். காலியாகப் போனால் பறக்குதாம். லோடு ஏற்றி புளியரை எஸ் வளைவைத் தாண்டி கொஞ்ச நேரம் மிதித்தால் மூச்சு அடங்குதாம். ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் நன்றாக இழுக்குதாம். புகையும் பெரிதாக இல்லையாம். இவ்வளவும் நிஜமா? நிஜமென்றால் அந்த இன்ஜினை யாரையும் தொட விடாதே. தேய்ந்த ரிங் டீக்கடையில் தேறாது. நிறுத்தினால் சரியாகி, ஓடினால் மறுபடி படுக்கிற நோய் பெரும்பாலும் டீசல் வரும் வழியில்தான் இருக்கும். டேங்கில் கிடக்கும் குப்பை உறிஞ்சும் வேகத்தில் பைப் வாயில் போய் அடைக்கும், நிறுத்தினதும் கீழே விழுந்துவிடும்.

புகையை நீயும் ஒரு தரம் உறுதிப்படுத்திக்கொள். பட்டறை வாசலில் சும்மா ரேஸ் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. லோடோடு ஏத்தத்தில் முழுசாக மிதிக்கும்போது பின்னால் பைக்கில் ஒருத்தன் வந்து பார்க்கணும். கறுப்பு என்றால் டீசல் வருகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை வந்தால் பம்ப் டைமிங், நாசில் (டீசலைப் பீச்சும் முனை), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுங்குவது) பக்கம் போகணும். புகையே இல்லாமல் மந்தம் என்றால் டீசல் போய்ச் சேரவில்லை.

அதனால் டேங்கிலிருந்து ஆரம்பி. வண்டி படுக்கிற அந்த நேரத்தில் இறங்கி மூடியைத் திற. புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் பண்ணக் காசே வேண்டாம். அது இல்லையென்றால் டேங்க் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வை. தண்ணீர் அடியில் தங்கும், கறுப்புச் சளி மாதிரி எதுவும் வந்தால் டேங்கை இறக்கிக் கழுவியே ஆகணும். மழைக்காலத்தில் ராத்திரி டேங்கைக் காலியாகப் போட்டால் உள்சுவரில் ஈரம் கோத்துத் தண்ணீர் சேரும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ இருநூறு ரூபாய்க்கு டீசல் போடுகிற ஆள்.

அடுத்து, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப். அதற்குள் சின்னதாக ஒரு வலை உண்டு. ஃபில்டர் இரண்டையும் மாற்றுகிறவன் கூட இந்த வலையை மறந்துவிடுவான். கழற்றி டீசலில் அலசு. ஃபில்டர் மாற்றினால் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டு, கை பம்ப் அடித்து ஏரை முழுக்க வெளியேற்று.

இப்போது முக்கியமான சோதனை. ஃபில்டருக்கும், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி டியூப் (உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்) போட்டு, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ரேஸில் நிறுத்திப் பார். குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள பைப்பில் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணால் தேடி யாரும் கண்டுபிடிப்பதில்லை. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், பழைய செம்பு வாஷர் மூன்றில் ஒன்றாக இருக்கும். வாஷர் புதிசாகவே போடு. கிடைக்காவிட்டால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் இளகும், மறுபடி அடைக்கும்.

இதற்குப் பிறகும் சந்தேகமா? பத்து லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, கேபின் பின்னால் உயரத்தில் நன்றாகக் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராக ஹோஸ் கொடு. மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் பைப்பையும் அந்தக் கேனுக்கே விடு. சைலன்சர், டர்போ பக்கம் ஹோஸ் போகக்கூடாது. அதே லோடோடு அதே ஏத்தம் ஏறு. இழுத்தால் குற்றம் டேங்க், பைப் பக்கம். இழுக்காவிட்டால் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டு ஃபீட் பம்ப் வால்வு, பெரிய பம்பின் ஓவர்ஃப்ளோ வால்வு இரண்டையும் பார். ஓவர்ஃப்ளோ ஸ்பிரிங் இளகினால் டீசல் அழுத்தம் நிற்காமல் ரிட்டர்னில் ஓடிவிடும். சின்ன சாமான்தான், அதற்குப் பதிலாகப் பம்பையே கழற்றி அனுப்புவார்கள்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது, அடுத்த தடவையும் மூன்றுக்கும் காசு கொடுப்பாய்.

குட்டியப்பன் கண் தப்பி, புகை கறுப்பாகவே இருந்தால் ஏர் ஃபில்டரில் ஆரம்பி. உள்ளே பல்பை விட்டு வெளிச்சம் வருகிறதா பார். வெளியிலிருந்து ஏர் அடிக்காதே, தூசி உள்ளே ஏறும். டர்போ ஹோஸ் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தடவு. டர்போவின் தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக்கூடாது, இறக்கை சுவரில் உரசவே கூடாது. மேனிஃபோல்டிலிருந்து பம்ப் தலைக்கு ஒரு சின்னக் குழாய் போகும், உன் பம்பில் அது இருந்தால் விரிசல் பார், ஆனால் அது வெடித்தால் கறுப்புப் புகை வராது, புகையில்லாத மந்தம்தான் வரும். எக்சாஸ்ட் பிரேக் தட்டு பாதி மூடி மாட்டிக்கொண்டாலும் கறுப்புப் புகைதான், இன்ஜின் ஆறினபின் லீவரைக் கையால் ஆட்டிப் பார்.

இன்னும் இரண்டு இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடினாலும் வண்டி இழுக்காது. ஒரு ஓட்டம் முடிந்ததும் ஹப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோ, ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் இடைவெளியைச் சரிபண்ணும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கவனி. ஆர்.பி.எம். ஏறி ஸ்பீடு ஏறாவிட்டால் கிளச் பிளேட்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். "பம்பில் டீசலைக் கூட்டி விடுறேன், பறக்கும்" என்று எவனாவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. கூட்டினால் கொஞ்ச நாள் இழுக்கும். அப்புறம் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், சூடு ஏறிப் பிஸ்டன் தலை உருகும். இல்லாத இன்ஜின் வேலையை அப்போது நிஜமாகவே செய்யணும். நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாம், ஆனால் துணி சுற்றித் தளர்த்து, அந்தப் பீச்சலில் விரலை நீட்டாதே. தோலைத் துளைத்துக்கொண்டு போகும், ஆஸ்பத்திரி கேஸ்.

இன்ஜின் நிஜமாகவே போயிருக்கிறதா என்று ஒரு ஓசிச் சோதனை உண்டு. நன்றாகச் சூடானபின் ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் தலைகீழாக வை. லேசாக ஆடினால் பயமில்லை. புகையோடு தூக்கி எறிந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடு. ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, அந்த அளவு கம்பெனி சொன்ன குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாமலும் இருந்தால், கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும், வளையலைத் திரும்பப் பெட்டியில் வை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் முதலில் டேப்பட், வால்வு பார்க்கச் சொல். நேரே ரீபோர் என்று நிற்கிற மேஸ்திரியிடம் அந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கேள், முகம் மாறும்.

குட்டியப்பனிடம் பிரஷர் கேஜும் கண்ணாடி டியூப்பும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டியூப்பை வைத்துக்கொள். கேஜ் திரும்பி வரணும், என் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பானரையும் சேர்த்து.

உன்,
கணேசன்
செங்கோட்டை