கூட்டாத மூலை

உவர்மலை, திருகோணமலை
12.02.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அண்டைக்குப் போனில வளவைக் காட்டேக்க, "மாமரத்தடி ஏனம்மா இப்பிடிக் குப்பையாக் கிடக்கு?" எண்டு கேட்டாய். சிரிப்புத்தான் வந்தது. அந்த இடத்தைக் கூட்டச் சொன்னால் அப்பாவோட சண்டை பிடிக்கிற ஆள் நீ. இப்ப நான்தான் ஒருத்தரையும் கூட்ட விடுறதில்லை. அங்க ஒரு ஆறுமணிக்குருவி இருக்கு.

ஐப்பசியில, மழை பிடிச்ச ஒரு ராத்திரி, விறாந்தை லைற்றுக்கு வந்து சுவரில அடிபட்டு விழுந்தது. இமயமலை அடிவாரப் பக்கத்தில இருந்து கடல் தாண்டி வாற குருவி, வெளிச்சத்தைக் கண்டால் தடுமாறிப் போயிடும். அப்பா கடகத்தால மூடி வைச்சார். விடிய எடுத்துப் பாத்தால், முதுகு பச்சை, தோளில நீலம், கண்ணுக்குக் குறுக்கால மை இழுத்த கறுப்பு, வாலடியில குங்குமச் சிவப்பு. வால் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, ஆரோ கத்தரிச்சு விட்ட மாதிரி. கடகத்தைத் தூக்கினதும் பறக்கேல்லை. துள்ளித் துள்ளி நேரே மாமரத்தடிக்குப் போச்சு.

அதுக்குப் பிறகு அதுதான் அதின்ர இடம். சருகை ஒவ்வொண்டா அலகால புரட்டி எறியும், நிண்டு பாக்கும், ஒரு புழுவை இழுக்கும். புலுனிக் குருவிக் கூட்டமும் அதே சருகைத்தான் கிளற வரும், ஆனால் அதுகள் வந்தால் சந்தைக் கூச்சல். ஒண்டு மட்டும் கிளையில இருந்து காவல் பாக்கும். பூனை தலை காட்டினால் அது கத்தும், எங்கட ஆறுமணிக்குருவியார் அந்தச் சத்தத்தோட வேலிப் பத்தைக்குள்ள போயிடுவார். காசில்லாக் காவல்!

விடியவும் பின்னேரமும் ஆறு மணியளவில கத்துறதாலதான் அதுக்கு அந்தப் பேர். அப்பா மணிக்கூட்டோட நிண்டு, "பிந்துது" எண்டு குறை சொல்லுறார். கார்த்திகையில பின்னேரம் ஆறுக்கு முந்தியே இரட்டைச் சீட்டி அடிச்சுது. இப்ப விடிய ஆறு தாண்டித்தான் அடிக்குது. சூரியனே ஆறரைக்குக் கிட்டத்தானே வருது. அது வெளிச்சத்தைப் பாக்குதோ, மணிக்கூட்டைப் பாக்குதோ?

பக்கத்து வீட்டு மாமி, "பாம்பு வரும், கூட்டு" எண்டு ஒரே கரைச்சல். அவ சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. கிணத்தடி, முத்தம் எல்லாம் கூட்டிப்போட்டு அந்த மூலையை மட்டும் விட்டிருக்கிறன்.

சித்திரையோட அது திரும்பிப் போயிடும். டிக்கெட் போட முதல் ஒருக்கால் சொல்லு. பங்குனியெண்டால் நீயும் பாக்கலாம். வைகாசியெண்டால் கூட்டி வைக்கிறன்.

அம்மா