போர்ட் வழியே ஊட்டம் ஏற்றத் துணைநின்றவர்களுக்கு நன்றி

வணக்கம்.

குடல் அடைத்து, வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ உணவு கொடுக்க முடியாத புற்றுநோயாளிகளுக்கு, கீமோவுக்காகத் தோலடியில் வைத்த போர்ட்டே (சிரைக்குள் செல்லும் குழாயோடு இணைந்த சிறு அறை) ஊட்டம் ஏற்றவும் பயன்படுகிறது. ரத்தத்தில் நேராக ஏற்றும் இந்த ஊட்டக் கரைசல் அடர்த்தி மிகுந்தது. கரைபொருள் அடர்த்தி லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மோலைத் தாண்டினால் கையின் சிரை புண்ணாகி வீங்கிவிடும். இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில்தான் ரத்தம் அதை உடனே நீர்க்க வைக்கும். குழாயின் நுனியை அங்கே சரியாக நிறுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்து உறுதிசெய்த மருத்துவர்களுக்கு எங்கள் நன்றி.

செவிலியர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். சாதாரண ஊசி போர்ட்டின் சிலிகான் சவ்வைக் குடைந்தெடுத்துவிடும் என்பதால், அப்படிக் குடையாத ஹியூபர் ஊசி வரும்வரை காத்திருந்தீர்கள். தோலில் தடவிய கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் தானாகக் காயும்வரை கைவைக்கவில்லை. 10 மி.லி.க்குச் சிறிய சிரிஞ்சைத் தொடவில்லை. அதன் அழுத்தம் குழாயையே கிழித்துவிடக்கூடும். சிரிஞ்சால் இழுத்துப் பார்த்தும் போர்ட்டில் ரத்தம் திரும்பி வராத நாளில், "சலைன் போகிறதே, பையை மாட்டலாமே" என்று கேட்டவர்களுக்கு மறுத்தீர்கள். குழாய் நுனியைச் சுற்றி ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத நார்) உறை படிந்திருந்தால், உள்ளே போவது பின்னோக்கி வழிந்து தோலடியில் கசியலாம். பை தீர்ந்ததும் 20 மி.லி. சலைனை விட்டுவிட்டுத் தள்ளிக் கழுவினீர்கள். அது தவறினால் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பையிலிருந்து வரும் டியூப்பை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊசியை 7 நாளுக்கு ஒருமுறை மாற்றும் கணக்கும் பிசகவில்லை.

கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாகாதபடி வரிசை பார்த்துக் கலந்து, கொழுப்புள்ள பைக்கு 1.2 மைக்ரான் வடிகட்டியைச் சேர்த்தனுப்பிய மருந்தாளர்களே, உங்கள் வேலை யார் கண்ணுக்கும் படுவதில்லை. ஒற்றை அறை போர்ட்டில் கீமோவும் ஊட்டமும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. அந்த நேரப் பங்கீட்டைச் சண்டையில்லாமல் முடித்த பகல்நேரப் பிரிவினருக்கும் நன்றி. ஆய்வகத்தாருக்குத் தனி வணக்கம். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று குளுக்கோஸ் ஏறினால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சரியும். முதல் வாரம் தினமும் அளந்து சொன்னதால்தான் அளவைப் படிப்படியாகக் கூட்ட முடிந்தது.

வீட்டில் பார்த்துக்கொண்டவர்களே, இரவு 12 மணி நேர ஓட்டத்தின் கடைசி ஒரு மணியில், சர்க்கரை சரிந்துவிடாதிருக்க, வேகத்தைப் பாதியாக்க மறக்கவில்லை நீங்கள். பை மாட்டிய சற்று நேரத்தில் குளிர்நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே கூப்பிடச் சொல்லியிருந்தோம், போர்ட்டுக்குள் கிருமி இருக்கலாம் என்பதால். நள்ளிரவென்று தயங்காமல் கூப்பிட்டீர்கள்.

அன்புடன்,
ஊட்டச்சத்துச் சிகிச்சைக் குழுவினர்