அணை உடைகிற காட்சி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கதைச் சுருக்கத்தை நானும் அப்பாவும் படித்தோம். முதல் பாதி நன்றாகவே வந்திருக்கிறது. அந்த ஏலத்தோட்டத்துக் கங்காணி அசல், எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தது. எனக்கு இடிக்கிறது கடைசி இருபது நிமிடம்தான். நடு ராத்திரியில் அணை உடைகிறது, கீழே இருக்கிற வண்டிப்பெரியாரை வாரிக்கொண்ட தண்ணீர் விடிவதற்குள் கொச்சிக்கு வந்துவிடுகிறது. பெயரை மாற்றியிருந்தாலும் அது கேரளத்து மலையில் நின்றுகொண்டு நம் பக்கத்துக்குத் தண்ணீர் தருகிற முல்லைப் பெரியாறு அணைதான் என்று யாருக்கும் தெரியும். இதுதான் படத்தின் உயிர் என்று உங்கள் இயக்குநர் சொல்வதாக எழுதியிருந்தாய். அப்பா, "பென்னிகுவிக் கட்டினதை இவங்க உடைக்கிறாங்களாமா" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவர் பேச்சை விடு. சாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுவிக் படத்தை மாட்டி, ஜனவரி 15 ஆனால் பொங்கல் வைக்கிற மனுஷன் வேறென்ன சொல்வார்? போனில் பேசினால் நீ "சினிமாதானேம்மா" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பயத்தை வைத்துப் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1979 மார்ச் 16இல் அமெரிக்காவில் 'தி சைனா சிண்ட்ரோம்' என்று ஒரு படம் வந்தது. அணுமின் நிலையத்தில் பெரிய விபத்து நூலிழையில் தப்பிப்போகிற கதை. இப்படியெல்லாம் நடக்காது, வீணாகப் பீதியைக் கிளப்புகிறார்கள் என்று அந்தத் தொழில்காரர்கள் குதித்தார்கள். 12 நாள் கழித்து பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் உலையின் ஒரு பகுதி உருகியே போனது. தற்செயல்தான், அதற்காக அந்தப் படத்தைப் புகழவில்லை. அது யாரைப் பார்த்துப் பயப்படச் சொன்னது என்று பார். வெல்டிங்கைச் சோதித்ததாகப் பொய்க் கணக்கு எழுதிய நிர்வாகத்தை. பக்கத்து ஊர்க்காரனை அல்ல. உங்கள் கதையில் அணை உடைந்ததும் பார்க்கிறவனின் கோபம் யார் மேல் திரும்பும்? நிர்வாகம் என்று ஒரு முகம்கூடக் கதையில் இல்லை. மலைக்குக் கிழக்கே தண்ணீர் வாங்குகிற ஆட்கள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

வண்டிப்பெரியார்க்காரர்களின் பயம் நடிப்பு என்று இங்கே பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1895இல் கல்லையும் சுண்ணாம்புச் சுர்க்கிச் சாந்தையும் வைத்துக் கட்டி முடித்த அணை தலைக்கு மேலே நிற்கிறது. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊரே அடித்துக்கொண்டு போனதே, அதற்கப்புறம்தான் இங்கே 136 அடிக்கு மேல் தண்ணீர் நிறுத்தாதே என்று இறக்கினார்கள். பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள், உள்ளே கம்பி வடம் இறக்கி அடிப்பாறையோடு கட்டினார்கள், முதுகுப் பக்கம் கான்கிரீட் சாய்மானம் கொடுத்தார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அணை பத்திரமாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காக யாருக்கும் தூக்கம் வந்துவிடாது. அந்த நவம்பரில் தண்ணீர் 142ஐத் தொட்ட அன்று இந்தப் பக்கம் கொண்டாடினோம். அந்தப் பக்கம் அதே ராத்திரி எத்தனை பேர் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பார்கள்.

இப்படி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிற இடத்தில்தான் 2011 நவம்பர் 25இல் அணை உடைகிற 'டேம் 999' படம் வந்தது. அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்குமோ என்னவோ. அந்த வருஷம் இடுக்கியில் நிலம் பலமுறை அதிர்ந்திருந்தது, அதனால் பயம் உச்சத்தில் இருந்த நேரம். 1975இல் சீனாவில் பான்சியாவோ அணை உடைந்ததை வைத்து எடுத்த படம், முல்லைப் பெரியாறு அல்ல என்றார் இயக்குநர் சோஹன் ராய். சரி, அப்படியானால் தலைப்பில் எதற்கு 999? 1886இல் திருவாங்கூர் சமஸ்தானமும் வெள்ளைக்கார அரசும் போட்ட குத்தகைக்குத்தான் 999 வருஷம். அந்த எண்ணைக் கேரளத்தில் எந்த டீக்கடையில் சொன்னாலும் எந்த அணை என்று சொல்லிவிடுவார்கள். ஆக, பயத்தை மட்டும் இங்கேயிருந்து எடுத்துக்கொள்வது, கேள்வி கேட்டால் சீனாவைக் காட்டுவது. எனக்குப் பிடிக்காதது இதுதான் பாப்பா. ஆவணப்படம் எடுத்தால் இந்த அறிக்கை தப்பு, அந்த அளவு தப்பு என்று எதிர்த்துப் பேசலாம். முழுக் கற்பனை என்றால் ரசித்துவிட்டு மறந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டால் ஜனங்கள் நம்பவும் செய்வார்கள், யாரும் ஆதாரம் கேட்கவும் முடியாது.

படத்தால்தான் எல்லையில் இரண்டு பக்கமும் கலவரம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு அரசியல்வாதிகள் இருந்தார்கள், டிவிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் டிசம்பரில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பொம்பளைகளை நீயே பார்த்திருக்கிறாய். அந்த ஜீப்பெல்லாம் நின்றுபோனது. தோட்டத்திலேயே தங்கி வேலை செய்தவர்கள் அடிக்குப் பயந்து காட்டுப் பாதையில் இறங்கி வந்தார்கள். மேலத்தெருவில் உனக்கு அத்தை முறை ஒருத்தி, ஒற்றைச் செருப்போடு வந்து நம் திண்ணையில்தான் உட்கார்ந்தாள். வாரக் கூலி வாங்கவில்லை, துணிமணி அங்கேயே கிடக்கிறது. அதைவிட, கூட வேலை பார்த்த மலையாளத்துக்காரி முகம் கொடுக்காமல் திரும்பிக்கொண்டாளாம், அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வருஷக்கணக்காக டீக்கடை போட்டிருந்த மலையாளி, உனக்குப் பழம்பொரி கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டாரே, அவர் கடைக் கண்ணாடி அலமாரியை நம் பையன்கள்தான் உடைத்தார்கள். ஐயப்ப சாமிகள் வழி தெரியாமல் நின்றார்கள். திண்ணையில் அழுதவளும் சரி, டீக்கடைக்காரரும் சரி, அந்தப் படத்தின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பயத்துக்கு டிக்கெட் வாங்குகிறவன் ஒருத்தன், விலை கொடுக்கிறவன் வேறொருத்தன்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் தடை சரிதானே என்று கேட்பாய். இல்லை. தணிக்கை முடிந்து சான்றிதழ் வாங்கிய படத்தைத் தமிழ்நாட்டு அரசு தடை செய்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: ஊர்வலம் வரும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அமுக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழுகிற பொறி மாதிரி ஆபத்து நேரடியாக இருந்தால்தான் கை வைக்கலாம். அதோடு, தடையால் என்ன கிடைத்தது? பார்த்தவர்கள் அந்தப் பக்கம், பார்க்காமல் கோபப்பட்டவர்கள் இந்தப் பக்கம். நாங்களும் பார்த்திருந்தால் படம் சுமார் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போமோ என்னவோ. சட்டம் தடுக்கக் கூடாது என்பதால் எடுக்கிறவன் யோசிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. தடுக்க ஆள் இல்லாதபோதுதான் இன்னும் நன்றாக யோசிக்க வேண்டும்.

உங்கள் கதையில் உண்மையான பயம் எங்கே இருக்கிறது தெரியுமா? 2021 டிசம்பரில் அணையைப் பார்த்துக்கொள்கிற நம் தமிழ்நாட்டு அதிகாரிகள் ராத்திரியில் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். வள்ளக்கடவிலும் வண்டிப்பெரியாரிலும் ஆற்றோர வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை என்று கேரள அரசு புகார் செய்தது. அது நியாயமான புகார், நம் ஆட்கள் செய்ததுதான் என்றாலும். அதைக் காட்டு. அணை உடையவே வேண்டாம். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் சத்தம் கேட்டு எழுந்து, ரேஷன் கார்டையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிற ஒருத்தியைக் காட்டு. அவளுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டிய ஆபீசில் அந்த நேரம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று காட்டு. அங்கே பார்க்கிறவனுக்குக் கோபம் வந்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

கிராபிக்ஸ் செலவுக்கு ஏற்கெனவே ஆள் பேசியாகிவிட்டது, வெள்ளம் இல்லாமல் முடியாது என்று உங்கள் தயாரிப்பாளர் சொன்னால், சரி, வெள்ளம் வரட்டும். அணையை வேறு மலைக்குக் கொண்டுபோங்கள், பெயரை மாற்றுங்கள், ஆற்றையும் மாற்றுங்கள். ஊர்ப்பலகை, குத்தகை, அடிக்கணக்கு எதுவும் வேண்டாம். இப்போது சுருக்கத்தில் அணையின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. நாலாம் பக்கத்தில் குமுளி வருகிறது, ஏழாம் பக்கத்தில் 136 வருகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு முதல் அட்டையில் "யாவும் கற்பனையே" என்று போட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொன்று. பத்தாம் பக்கத்தில் வருகிற தமிழ் இன்ஜினியருக்கு ஒரு வசனம்கூட நேராக இல்லை, வருகிற இடத்திலெல்லாம் கண்ணை உருட்டுகிறார். அவருக்கு வீடு, பெண்டாட்டி, சம்பளக் கவலை ஏதாவது கொடு. இயக்குநரிடம் பேச உனக்குத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே காட்டு, உன் தமிழை அவர் புரிந்துகொள்கிறார் அல்லவா, என்னுடையதும் புரியும். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இங்கே கூட்டிக்கொண்டு வா. மலையில் குகை வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் லோயர் கேம்ப்பில் குழாய் வழியாக இறங்குகிற இடத்தைப் பார்க்கட்டும், மறுநாள் வண்டிப்பெரியாரில் ஆற்றோரம் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசட்டும். அப்பா சண்டை போடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா