முருங்கைக் கிளை இருக்கட்டும்

காவேரிப்பட்டணம்,
பங்குனி மாதம்.

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். மா நன்றாகப் பூத்தது, பிஞ்சும் நிற்கிறது. இனி காற்று விட்டு வைக்க வேண்டும்.

கொல்லையில் பட்டுப்போன முருங்கைக் கிளையை வெட்டப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. எங்கள் முருங்கையிலும் அப்படி ஒரு கிளை. அதில் ஒரு குக்குறுவான் ஜோடி பொந்து குடைகிறது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பகலெல்லாம் 'டொங்க் டொங்க்' என்று கேட்குமே, அதுதான். அதன் அலகுக்குப் பச்சை மரம் இடம் கொடுக்காது, உளுத்த கிளைதான் தோது. சாய்ந்த கிளையின் அடிப்பக்கமாகப் பார்த்து வாசல் வைக்கிறது, கோடை மழை அடித்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கொத்துகின்றன. உள்ளே போனது அலகு நிறையத் தூளோடு எட்டிப் பார்த்து வெளியே உதறுகிறது. அடைகாப்பதும் இரண்டும்தான்.

தேன்சிட்டு அப்படியில்லை. துணி காயப்போடும் கம்பியில் பெட்டை மட்டும் கூடு கட்டுகிறது. சிலந்தி நூல், சருகு, நார், பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேல் சின்னத் தாழ்வாரம். ஆண் கூடவே பறந்து பாடுகிறது, ஒரு நார்கூடக் கொண்டுவரக் காணோம். குஞ்சு வந்தபின் அதுவும் இரை ஊட்டும். இப்போதைக்கு பைக் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை வேறொரு ஆண் என்று நினைத்து மல்லுக்கு நிற்கிறது. வீணாகக் களைத்துப் போகிறதே என்று கண்ணாடிக்குத் துணிப்பை மாட்டிவிட்டேன். நீயும் மாட்டு.

குயில் மாசியிலேயே கூவத் தொடங்கிவிட்டது. ஆண் குயிலைக் காக்கை துரத்திப் போகும் சமயம் பார்த்துப் பெண் குயில் அதன் கூட்டில் முட்டையிடும் என்பார்கள். வேம்பில் காக்கை கட்டுகிறது. ஒருமுறையாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

சரி, உன் கிளைக்கு வருகிறேன். அடிப்பக்கத்தை நிமிர்ந்து பார். எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓட்டை இருந்தால் ஆடி வரை கத்தி வைக்காதே. ஓட்டை இல்லாவிட்டாலும், வீட்டின் மேல் விழுந்துவிடும் என்ற பயம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடு. அடுத்த ஆண்டு ஏதாவது ஒரு ஜோடிக்கு ஆகும். தங்கச்சியிடமும் சொல்லி வை, மரம் வெட்டும் ஆள் வரும்போது நீ வீட்டில் இல்லாமல் போகலாம்.

பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ரகு